கட்டுநாயக்கா விட்டாலும் திருமலையில் வேலை செய்யவேணுமே

கனடாவிலிருந்து இலங்கையில் திருகோணமலைக்கு (எங்களுக்குத் திருமலை), ஊருக்குப் போறதென்றால் சூட்கேஸில் பாதி அடுத்தவருடைய சாமான்தான். இந்தமுறை தங்கச்சியின் மகளுக்கு ஒரு பழைய லப்டொப், மச்சானுக்கு நான் பாவித்த ஐபோன், அம்மாவுக்குக் கோயில் திருவிழா பார்க்க ஒரு டப்லெட். சுங்கத்தில் பறிப்பாங்கள், அள்ளிக் கட்ட வைப்பாங்கள் என்று ரொறன்ரோவில் ஆளுக்கொரு கதை. போய் வந்த பிறகு சொல்கிறேன்: சுங்கம் சின்ன வாசல், பெரிய வாசல் ஊரில்தான் இருக்கிறது.

கட்டுநாயக்கா விமானநிலையத்தில் சுங்கத்துக்கு முன்னாலேயே ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் அடுக்கி விற்கிறார்கள். மத்திய கிழக்கில் உழைத்துத் திரும்புகிற சனம் அங்கே நின்று விலை பேசுவதைப் பார்த்தால், என்னுடைய கீறல் விழுந்த லப்டொப்புக்கா இவ்வளவு பயந்தேன் என்று வரும். இருந்தாலும் விட்டுவிட்டு வரப்போகிற சாமான் என்பதால் சாமானைச் சொல்லிக் காட்டுகிற சிவப்பு வழியால்தான் போனேன். அதிகாரி லப்டொப்பைத் திறந்தார். ஸ்பேஸ் பார் தேய்ந்து பளபளக்கிறது, ஒரு மூலையில் என் மகன் ஒட்டிய டைனோசர் ஸ்டிக்கர். "யூஸ்ட் தானே?" என்றார், மூடித் தந்தார். அவ்வளவுதான். பிரிக்காத பெட்டியோடு ஒரே மாதிரிப் போன் நாலைந்து கொண்டுபோனால் இந்தச் சிரிப்பை எதிர்பார்க்கவேண்டாம், அது வியாபாரச் சரக்கு.

பவர் பேங்கைக் கைப்பையில் மட்டும் வையுங்கள், சூட்கேஸில் போட்டால் விமானத்துக்கே ஏறாது. அதன் மின் கொள்ளளவு 100 வாட்-மணிவரை என்றால் கேள்வியில்லை. வழக்கமான 20,000 மில்லி அம்பியர் பவர் பேங்க் ஏறக்குறைய 74தான் வரும்.

கொழும்பிலிருந்து ஹபரணை, கந்தளாய் வழியாக ஏறக்குறைய 260 கிலோமீற்றர். வான் வண்டியில் நித்திரை, சொல்ல ஒன்றுமில்லை.

திருமலைப் பிரதான வீதியில் ஒரு போன் கடை. மச்சானின் சிம்மைப் போடச் சொல்லிக் கொடுத்தேன். கடைத் தம்பி சிம்மைத் தொடவேயில்லை. "அண்ணை, முதல்ல ஐ.எம்.இ.ஐ. பாப்பம்." ஒவ்வொரு போனுக்கும் உள்ள அடையாள இலக்கம் அது. ஸ்டார், ஹாஷ், 06, ஹாஷ் என்று அழுத்த 15 இலக்கம் வந்தது. ஐ.எம்.இ.ஐ. என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, அந்த இலக்கத்தை 1909க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினான். பதிவில் இல்லை என்று பதில்.

இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு 2025 ஜனவரி 28 முதல் இந்தப் போன் பதிவை இறுக்கிப் பிடித்திருக்கிறது. அதற்கு முன்னரே இலங்கை வலையமைப்பில் ஓடிய போன்களுக்குச் சிக்கல் இல்லை, புதிதாகக் கொண்டுவருகிறவற்றுக்குத்தான். இரண்டு சிம் போன் என்றால் இலக்கமும் இரண்டு, இரண்டையும் பாருங்கள். பதிவுக்கு விண்ணப்பித்துவிட்டு வந்தோம். பில் எழுதும் முதல் இதைச் சொன்ன அந்தத் தம்பிக்கு ஒரு கும்பிடு. இன்னொரு கடையில் "போட்டுப் பாருங்கோ, ஓடும்" என்று சிம் விற்கத்தான் பார்த்தார்கள்.

அங்கேயே உப்புவெளியிலிருந்து ஒரு அக்கா வந்திருந்தா. அண்ணன் அமெரிக்காவிலிருந்து கொடுத்துவிட்ட ஐபோன். அமெரிக்காவில் விற்கிற ஐபோன் 14 முதல் சிம் போடுகிற துவாரமே கிடையாது, போனுக்குள்ளேயே இருக்கிற இ-சிம் மட்டும்தான். அதையும் போடமுடியவில்லை, அங்குள்ள தொலைபேசிக் கம்பனியில் மட்டும் ஓடும்படி பூட்டிய போன். போதாக்குறைக்கு அண்ணனுடைய ஆப்பிள் கணக்கும் உள்ளேயே இருக்கிறது. தம்பி கையை விரித்தான். கனடாவில் 2017 டிசம்பர் 1க்குப் பிறகு கம்பனிகள் பூட்டாமல்தான் விற்கவேண்டும் என்று சட்டம் இருப்பதால் எங்கள் பக்கம் இந்தத் தலையிடி குறைவு. கணக்கிலிருந்து வெளியேறிவிட்டுக் கொடுப்பது மட்டும் எந்த நாட்டுக்காரனும் செய்யவேண்டிய வேலை.

லப்டொப் சார்ஜரில் 100–240 வோல்ட் என்று அச்சடித்திருக்கும், பயமில்லை. சின்னம்மா கேட்ட பிளெண்டரை நான் கொண்டுபோகாததற்குக் காரணம் அதுதான்: கனடா 120 வோல்ட், ஊரில் 230. செருகி ஒரு நிமிசத்தில் புகை வரும். எங்கள் பழைய வீட்டில் இன்னும் உருண்டைப் பின் பிளக். புதிய வீடுகளில் சதுரப் பின். இரண்டுக்கும் அடப்டர் ஊரிலேயே மலிவு.

திரும்பக் கொண்டுவரப்போகிற கமராவுக்குப் ரொறன்ரோ பியர்சன் விமானநிலையத்தில் புறப்படும் முன் கனடா எல்லைச் சேவையிடம் பி.எஸ்.எஃப். 407 அட்டை எடுத்திருந்தேன். சீரியல் இலக்கம் பார்த்து இலவசமாகத் தருவார்கள். ஊரில் வாங்கியதா என்று வரும்போது கேட்டால் நீட்டலாம்.

நிலாவெளியில் இருக்கிற மருமகன் அடுத்தமுறைக்கு ட்ரோன் கேட்டிருக்கிறான். பாதுகாப்பு அமைச்சின் அனுமதி இல்லாமல் அதை உள்ளே கொண்டுவர முடியாது. கடற்படைத் துறைமுகமும் சீனக்குடா விமானப்படைத் தளமும் இருக்கிற ஊரில் அதைப் பறக்கவிட அவனுக்கு ஆசை வேறு. கால்பந்து வாங்கித் தாறன் என்று சொல்லியிருக்கிறேன்.