வெள்ளைத் தங்கத் தோடு வாங்கப் போகிறவர்கள் கவனத்திற்கு

ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் உள்ள ஒரு நகைக்கடை, நிக்கல் கலந்த வெள்ளைத் தங்கத் தோட்டை 'அலர்ஜியே வராது' என்று சொல்லி என் மகளுக்கு விற்றது. தீபாவளி நெருங்குகிறது, பலரும் அந்தப் பக்கம் போவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

அவளுக்குக் கவரிங் சங்கிலி போட்டாலே கழுத்து சிவந்து தடித்துவிடும். அதைக் கடையில் முதலிலேயே சொன்னேன். கடைக்காரர் தோட்டிலிருந்த 750 முத்திரையைக் காட்டி, "தங்கத்துக்கு அலர்ஜி வருமா அக்கா? இங்கேயே போட்டுப் பாருங்கள்" என்றார். சற்று நேரம் போட்டிருந்தாள், ஒன்றும் ஆகவில்லை. எப்படி ஆகும்? நிக்கல் ஒவ்வாமை பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தோலில் தெரியும். காலங்காலமாக நகை விற்கிறவர் அதை ஒரு சோதனையாகக் காட்டியது எனக்கு இன்னும் ஆறவில்லை.

750 என்றால் ஆயிரம் பங்கில் 750 தங்கம். மீதி 250 பங்கு என்னவென்று முத்திரை சொல்லாது. மஞ்சள் நிறத்தை வெளுக்க வைக்க நிக்கலோ பல்லேடியமோ சேர்ப்பார்கள்; நிக்கல்தான் மலிவு. மேலே ரோடியம் என்ற வெள்ளை உலோகத்தின் முலாம் இருக்கும்வரை தோலுக்குக் காப்பு உண்டு. காதுத் துளையில் உரசி முலாம் தேய்ந்ததும், வியர்வை பட்டு நிக்கல் கசியத் தொடங்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை நிற்பதே இல்லை.

மகளுக்குத் துளையைச் சுற்றிக் கொப்புளம், நீர் வடிதல், தூங்கவிடாத அரிப்பு. தோல் மருத்துவர், ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களை முதுகில் ஒட்டிவைத்துப் பார்க்கும் ஒட்டுச் சோதனை செய்தார். நிக்கல் வைத்த இடம் மட்டும் தடித்துச் சிவந்தது. ஒருமுறை வந்தால் இது பெரும்பாலும் ஆயுளுக்கும் இருக்கும் என்றார்.

தோட்டைக் கடைக்கே கொண்டுபோனேன். நிக்கல் சோதனைத் திரவத்தைப் பஞ்சில் விட்டு, கடைக்காரர் கண்முன்னே தண்டில் தேய்த்தேன். பஞ்சு இளஞ்சிவப்பாக மாறியது. நிக்கல் கசிவதற்கு அதுவே அடையாளம். "அது உங்கள் பிள்ளையின் தோல் கோளாறு" என்றார் அவர். ஐரோப்பிய ஒன்றியத்தில் துளையில் அணியும் நகைக்கு வாரம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராம் என்று கசிவு வரம்பே வைத்திருக்கிறார்கள். எல்லாம் தோலின் கோளாறு என்றால் அந்த வரம்பு எதற்கு? முழுப் பணம் தர மறுத்து, கூலியும் சேதாரமும் கழித்துப் பழைய தங்க விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். நான் கொடுக்கவில்லை.

மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை வழக்கறிஞர் இல்லாமலே கொண்டுபோகலாம். ரசீதை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.

வாங்கும்போதே 'நிக்கல் கலக்கவில்லை' என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். 916 தோட்டில் வழக்கமாக வெள்ளியும் செம்புமே சேர்ப்பார்கள், ஆனால் திருகாணியும் அதே தங்கமா என்று கேளுங்கள். புதிதாகக் காது குத்திய பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் பாருங்கள்; ஆறாத துளையில் கசியும் நிக்கல்தான் பலருக்கு இந்த ஒவ்வாமையைத் தொடங்கிவைக்கிறது.