லூர் கோர்சிங்: தனியார் மைதானமா, சங்கப் போட்டியா, அரசு உரிமமா?

வேட்டை நாய் இனங்களை வளர்ப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்தே தீரும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலையும் மாலையும் நடப்பது கிரேஹவுண்டுக்கும் விப்பெட்டுக்கும் சலூக்கிக்கும் பற்றாது. திறந்த வெளியில் அவிழ்த்துவிடலாம் என்றால், முயலோ பூனையோ கண்ணில் பட்ட அந்த நொடியிலிருந்து நம் குரல் அதன் காதில் ஏறாது. லூர் கோர்சிங் இதற்கு நல்ல வழி. மைதானத்தில் ஆங்காங்கே கப்பிகளைப் பதித்து, கயிற்றை அவற்றின் வழியே வளைத்து வளைத்து ஓட்டி, அதில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பையைக் கட்டி மோட்டாரால் இழுப்பார்கள். பை முயலைப் போலத் திசை மாறி ஓடும், நாய் துரத்தும். எந்த உயிரும் சாவதில்லை.

இதை எங்கே, யாருடைய விதியின் கீழ் செய்வது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன. ஒன்று, இயந்திரம் வைத்திருப்பவர் நடத்தும் தனியார் மைதானம், அல்லது நாமே இயந்திரம் வாங்கி நண்பர்களோடு ஓட்டுவது. இரண்டு, நாய் இனங்களைப் பதிவு செய்யும் கெனல் கிளப் போன்ற அமைப்பின் விதிப்புத்தகத்தின்படி சங்கங்கள் நடத்தும் போட்டி. மூன்றாவது, இது எல்லாவற்றையும் அரசு உரிமத்தின் கீழ் கொண்டுவர வேண்டும் என்ற கோரிக்கை. முதல் இரண்டிலும் என் நாயை ஓடவிட்டிருக்கிறேன். இப்போது சங்கப் போட்டிக்கு மட்டும்தான் கூட்டிப்போகிறேன். அதனால் இந்த அலசல் எந்தப் பக்கம் சாயும் என்பதை ஒளிக்கப் போவதில்லை.

தனியார் மைதானத்தின் வசதிகளை யாரும் விளக்கத் தேவையில்லை. நமக்கு ஏற்ற நேரம், பதிவுப் படிவம் கிடையாது, எந்தக் கலப்பின நாயும் ஓடலாம், காத்திருப்பு குறைவு. சங்கப் போட்டியில் விடியற்காலையில் போய் நின்று மாலை வரை காத்திருந்தாலும் நாய் ஓடுவது பெரும்பாலும் இரண்டே ஓட்டம். அதுவும் ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்தைத் தாண்டினால் அதிகம். வசதியை மட்டும் பார்த்தால் தனியார் மைதானம்தான் மேல்.

என்னைச் சங்கத்தின் பக்கம் திருப்பியது வேறு ஒன்று. ஓட்டத்தை நிறுத்தும் அதிகாரம், ‘இந்த நாய் இன்று ஓடக்கூடாது’ என்று சொல்லும் அதிகாரம், யார் கையில் இருக்கிறது? மற்ற வித்தியாசங்கள் எல்லாம் எனக்கு இதற்குப் பிறகுதான்.

காரணம் நாயின் இயல்பிலேயே இருக்கிறது. துரத்தலில் இறங்கிய வேட்டை நாய் வலியைக் காட்டாது. பாதச் சதை கிழிந்திருந்தாலும், பக்கநகம் பாதி பிய்ந்து தொங்கினாலும், பையைப் பிடிக்கும்வரை ஓடும். பிடித்த பிறகும் அடுத்த ஓட்டத்துக்கு இயந்திரத்தின் சத்தம் கேட்டதும் குரைத்துக் குதிக்கும். பார்ப்பவருக்கு ‘இன்னும் ஓட ஆசைப்படுகிறது’ என்று தோன்றும். ஆசைப்படுவது உண்மைதான், ஆனால் ஓடத் தகுதியான உடல்நிலையில் இருக்கிறதா என்பதை அந்த ஆசை சொல்லாது. எப்போது போதும் என்று முடிவெடுக்க நாயால் முடியாது. உரிமையாளராலும் பல நேரம் முடியாது, ஏனென்றால் நாயின் மகிழ்ச்சியைப் பார்க்கத்தான் அவர் அவ்வளவு தூரம் வந்திருக்கிறார். இயந்திரத்தை இயக்குபவரோ ஓட்டத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிறார். போதும் என்று சொன்னால் நஷ்டம் அவருக்கு. மூன்று பேரில் ஒருவர்கூட நிறுத்துவதற்கான இடத்தில் இல்லை.

சங்கப் போட்டியில் அந்த இடத்தில் ஒருவரை நிறுத்திவைத்திருக்கிறார்கள். அமெரிக்கன் கெனல் கிளப்பின் விதிகளில் ஓட்டம் தொடங்குவதற்கு முன்பே ஒவ்வொரு நாயையும் நொண்டல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; ஹீட்டில், அதாவது இனச்சேர்க்கைப் பருவத்தில், இருக்கும் பெண் நாய்க்கும் அனுமதி இல்லை. அந்தப் பரிசோதனையை ஒருமுறை கிட்டத்தில் நின்று பார்த்தால் போதும், அதன் அருமை புரியும். உரிமையாளர் கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு நாயை நேர்க்கோட்டில் மெல்லோட்டமாகக் கொஞ்ச தூரம் கூட்டிப்போய்த் திரும்ப வருவார். பரிசோதிப்பவர் கால்களை மட்டும் பார்ப்பதில்லை, தலையையும் பார்ப்பார். முன்னங்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையில் ஊன்றும்போது தலை சற்று மேலே தூக்கும். நல்ல காலை ஊன்றும்போது தாழும். நடையில் தெரியாத நொண்டல் இந்தத் தலையசைப்பில் தெரிந்துவிடும். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் தலையசைவு மறைந்துபோகும் என்பதால்தான் ‘தளர்த்திப் பிடியுங்கள்’ என்று திரும்பத் திரும்பச் சொல்வார்கள். இரண்டு நிமிட வேலைகூட இல்லை. ஆனால் தனியார் மைதானத்தில் இதை யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

வயது விஷயமும் இதே கதைதான். அமெரிக்க விதியில் 12 மாதம் நிறையாத நாய்க்கு அனுமதி இல்லை. சர்வதேச நாய் வளர்ப்புக் கூட்டமைப்பான எஃப்சிஐ இன்னும் கண்டிப்பு: விப்பெட், இத்தாலியன் கிரேஹவுண்ட் போன்ற சிறிய இனங்களுக்கு 15 மாதம், பெரிய இனங்களுக்கு 18 மாதம். எலும்பின் முனைகளில் இருக்கும் வளர்ச்சித் தட்டு மூடுவதற்கு முன்னால் முழு வேகத்தில் திரும்ப வைத்தால் மூட்டு வாழ்நாள் முழுக்கக் கெட்டுப்போகலாம். எட்டு மாதக் குட்டி துரத்துவது பார்க்க அழகாக இருக்கும், படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பலாம். அந்த அழகுக்குக் குறுக்கே நின்று ‘வேண்டாம், அடுத்த வருடம் கூட்டி வாருங்கள்’ என்று சொல்ல விதி ஒன்று வேண்டும். நண்பர்கள் கூட்டத்தில் அதைச் சொல்லப்போனால் பகைதான் மிஞ்சும்.

அப்புறம் வெப்பம். நாய்க்கு மனிதர்களைப் போல உடல் முழுக்க வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். முழுவேக ஓட்டத்துக்குப் பின் கிரேஹவுண்டின் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். அது தணிவதற்குள் மறுபடி ஓடவிட்டால் தசை நார்கள் சிதைந்து, சிறுநீர் கறுஞ்சிவப்பாகப் போய், சிறுநீரகம் வரை பாதிக்கும். ஓட்டம் முடிந்ததும் நாயை உடனே காருக்குள் ஏற்றிவிடாமல் நிழலில் மெதுவாக நடத்தி, வயிற்றுப் பக்கத்திலும் தொடை இடுக்கிலும் தண்ணீர் ஊற்ற வேண்டும். சங்கப் போட்டியில் மற்ற நாய்கள் ஓடி முடித்துத்தான் அடுத்த சுற்று வரும். எனக்கு ஆரம்பத்தில் எரிச்சலூட்டிய அந்தக் காத்திருப்பே நாய்க்குக் கிடைக்கும் ஓய்வு. தனியார் மைதானத்தில் அரை மணி நேரம் நம்முடையது என்றால், அந்த அரை மணிக்குள் எத்தனை ஓட்டம் எடுக்க முடியுமோ அத்தனையும் எடுத்துவிடத்தான் மனம் சொல்லும்.

இதே காரணத்தின் இன்னொரு முகம், பதிவேடு. இணையாகவோ மூன்றாகவோ ஓடும்போது சில நாய்கள் லூரை, அதாவது இழுபடும் பையை, விட்டுவிட்டுப் பக்கத்து நாயின் மேல் பாயும். சங்கப் போட்டியில் நடுவர் அதை வெளியேற்றுவார். அந்தத் தீர்ப்பு நாயின் பேரில் ஏறும், அடுத்த ஊரில் அடுத்த சங்கத்துக்குப் போனாலும் கூடவே வரும். தனியார் மைதானங்களுக்கு இப்படி ஒரு நினைவு கிடையாது. ஓரிடத்தில் இன்னொரு நாயைக் கடித்த நாய், மறுவாரம் வேறிடத்தில் ‘ரொம்பச் சாதுங்க’ என்ற அறிமுகத்தோடு இறங்கும். அங்கே கடி வாங்கப்போகிற நாயின் உரிமையாளர் யாரிடம் போய்க் கேட்பார்?

சங்கங்களில் குறையே இல்லை என்று சொல்லவரவில்லை. முதல் குறை, கதவு குறுகியது. நீண்ட காலம் பதிவு பெற்ற வேட்டை நாய் இனங்களுக்கு மட்டும்தான் இந்த விளையாட்டு என்று வைத்திருந்தார்கள். அமெரிக்கன் கெனல் கிளப் 2011-இல் எல்லா இனங்களுக்கும் கலப்பின நாய்களுக்கும் ஓட்டத்திறன் தேர்வு ஒன்றைத் தொடங்கிய பிறகுதான் அங்கே கொஞ்சம் திறந்தது. இரண்டாவது குறை எனக்குப் பெரிதாகவே படுகிறது: பரிசோதிப்பவரும் நடுவரும் உறுப்பினர்களும் வருடக்கணக்காகப் பழகியவர்கள். பழைய நண்பரின் நாய் லேசாக நொண்டினால் ‘பரவாயில்லை, ஓடட்டும்’ என்று கண்ணை மூடிக்கொள்ள வாய்ப்பு உண்டு. விதிப்புத்தகம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதைக் கையில் வைத்திருப்பவர் மனது வைத்தால்தான் அது வேலை செய்யும்.

அரசு உரிமம் கேட்பவர்கள் இந்த இடத்தைத்தான் பிடிக்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. இந்த விளையாட்டின் பின்னணியும் அவர்கள் பக்கம் பேசுகிறது. 1970-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் லைல் கில்லெட் என்பவரும் அவருடைய நண்பர்களும் லூர் கோர்சிங்கை உருவாக்கியதே, உயிருள்ள முயலைத் துரத்தவிடும் பழைய வழக்கத்துக்கு மாற்றாகத்தான். 1972-இல் அதற்கென்று தனி அமைப்பும் வந்தது. ஆனால் பழைய வழக்கம் தானாக ஓய்ந்துவிடவில்லை. இங்கிலாந்தில் 2004-ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம் வந்த பிறகுதான் முயல் துரத்தல் போட்டிகள் சட்டவிரோதமாயின. அவற்றில் பேர்பெற்ற வாட்டர்லூ கோப்பை 2005-இல் கடைசியாக நடந்தது. ஆஸ்திரேலியாவில் பந்தய கிரேஹவுண்டுகளைப் பழக்குவதற்கு உயிருள்ள முயல்களையும் பன்றிக்குட்டிகளையும் இயந்திரத்தில் கட்டி இழுத்த கொடுமையை 2015-இல் ஒரு தொலைக்காட்சிப் புலனாய்வு வெளிக்கொண்டுவந்தது. அப்படிப்பட்டவர்களைச் சங்க விதி ஒன்றும் செய்யாது. காவல்துறையும் நீதிமன்றமும்தான் வேண்டும்.

ஆனால் சூதாட்டப் பந்தயத்துக்கு எழுதிய சட்டத்தை அப்படியே அமெச்சூர் லூர் கோர்சிங்கின் மேல் போர்த்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. இங்கே பந்தயப் பணம் கிடையாது, பரிசு பெரும்பாலும் ஒரு ரிப்பன். பந்தயத் தொழிலில் சட்டம் பார்க்க வேண்டியது ஊக்கமருந்து, அளவுக்கு மீறிய இனப்பெருக்கம், ஓய்வு பெற்ற நாய்களின் கதி. லூர் கோர்சிங்கில் ஓடுவது இரவில் சோபாவில் தூங்கும் வீட்டு நாய். உரிமக் கட்டணமும் படிவங்களும் கூடினால் முதலில் மூடப்படுவது தன்னார்வலர்கள் நடத்தும் சிறு சங்கம்தான். வேலிக்குப் பின்னால் விண்ணப்பமே போடாமல் ஓட்டுபவர் அப்படியே தொடர்வார். சட்டம் அடித்தளத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்: உயிருள்ள இரைக்கு முழுத் தடை, நாய்க்கு மைக்ரோசிப், காயம் நேர்ந்தால் யார் பொறுப்பு என்ற தெளிவு. அதற்கு மேல் சங்கம் பார்த்துக்கொள்ளும். உரிமம் கட்டாயமான ஓரிடத்தில் நான் நாயை ஓட்டியதில்லை. நடைமுறையில் அது நான் நினைப்பதைவிட நன்றாகவே வேலை செய்யக்கூடும்.

நேரான ஓடுபாதை, வட்டப் பாதை ஆகியவற்றையும் சிலர் இதோடு ஒப்பிடுவார்கள். வட்டப் பாதையில் எப்போதும் ஒரே பக்கம் திரும்புவதால் சுமை ஒரே காலில் விழுகிறது. இடஞ்சுழியாக ஓடும் பந்தய கிரேஹவுண்டுகளுக்கு வலது பின்னங்கால் கணுக்காலில் ஒரு குறிப்பிட்ட எலும்பு உடைவது கால்நடை மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த காயம். லூர் கோர்சிங்கில் இரண்டு பக்கமும் திருப்பம் வருவதால் அந்தச் சிக்கல் குறைவு. பதிலுக்குக் கயிறு உரசித் தோல் எரியும் ஆபத்து உண்டு. பின்னங்கால் கணுவுக்கு மேலே மெல்லிய சிவப்புக் கோடு தெரிந்தால் அது கயிற்றின் வேலை. வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும் தொடர்கயிறு அமைப்பில் ஓட்டம் முடியும்வரை களம் முழுக்கக் கயிறு நகர்ந்துகொண்டே இருக்கும். சுருட்டி இழுக்கும் அமைப்பில் லூர் கடந்துபோன இடத்தில் கயிறே இருக்காது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மறுபடி கயிறு போட வேண்டும் என்பதால் தனியார் மைதானங்கள் தொடர்கயிற்றையே விரும்புகின்றன. தேர்வு இருந்தால் சுருட்டும் அமைப்பைத் தேடிப் போங்கள்.

பக்கத்தில் சங்கம் இல்லாதவர்கள் என்ன செய்வது? தனியார் மைதானத்துக்குப் போகலாம், ஆனால் பணம் கட்டுவதற்கு முன் மூன்று விஷயம் கேளுங்கள். இயந்திரத்தை நொடியில் நிறுத்தும் சுவிட்ச் இருக்கிறதா, ஆபரேட்டரின் கண்ணுக்குக் களம் முழுவதும் தெரிகிறதா, கூட ஓடும் நாயை யாராவது முன்பே பார்த்திருக்கிறார்களா. பிறகு, உங்கள் நாயின் மேல் பாசம் இல்லாத ஒருவரை, அதாவது நாய் தெரிந்த வேறொருவரைக் கூட்டிப்போய், போதும் என்று சொல்லும் உரிமையை முழுதாக அவரிடம் கொடுத்துவிடுங்கள். அவர் சொன்னால் அன்றைக்கு அவ்வளவுதான், பேச்சுவார்த்தை கூடாது. இணையாக ஓடவிட்டால் வாய்க்கூடு போடுங்கள். வீட்டிலேயே சில வாரம் பழக்கினால் நாய் அதைப் பொருட்படுத்தாது. ஓடுவதற்குச் சில மணி நேரம் முன்பிருந்தே வயிறு நிறையத் தீனி வேண்டாம், ஆழ்ந்த மார்புள்ள இனங்களுக்கு வயிறு முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். மேலே சொன்ன அமெரிக்க ஓட்டத்திறன் தேர்வில் அவற்றுக்கு 600 கஜத்துக்குப் பதிலாக 300 கஜம் வைத்திருக்கிறார்கள். அந்த இனங்களை நான் வளர்த்ததில்லை, ஓட்டிப் பார்த்ததும் இல்லை. 300 கஜமே அவற்றுக்கு அதிகமோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. கால்நடை மருத்துவர் மூச்சுப் பாதையைப் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை பதிவுப் படிவத்தைக் கையில் எடுக்க வேண்டாம்.