கூரைச் சூட்டுக்கு 2,800 வெள்ளி கொடுத்து ஏமாந்தேன், கொஞ்சம் படியுங்கள்

நேற்று ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. 2,800 வெள்ளி போய்விட்டது.

சிங்கப்பூர் ஈசூனில் வீவக (அரசு வீடமைப்புக் கழகம்) அடுக்குமாடியின் கடைசி மாடி எங்களுடையது. பகலெல்லாம் வெயில் வாங்கிய கான்கிரீட், ராத்திரி பத்து மணிக்கும் அனலைக் கீழே இறக்கும். அம்மாவுக்கு 74 வயது, ஏர்கான் ஒத்துக்கொள்ளாது. அவர் அறைக்கும் கூடத்துக்கும் சூட்டைத் தடுக்கும் ராக்வூல் என்ற பாறைக் கம்பளியை 50 மில்லிமீட்டர் தடிமனில் வைத்து, கீழே ஜிப்சம் பலகை அடிப்பதாகப் பேச்சு. வீட்டு வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் ஒரு செயலியில்தான் அந்தக் குத்தகையாளர் கிடைத்தார்.

தமிழர். அம்மா போட்ட தேநீரைக் குடித்துவிட்டு, நாற்காலியில் ஏறிக் கூரையில் உள்ளங்கையை வைத்தார். "இந்தச் சூட்டுல எப்படிம்மா படுக்கறீங்க? எங்கம்மாவுக்குச் செய்யற மாதிரி செஞ்சு தர்றேன்." அந்தப் பேச்சில்தான் விழுந்தேன். பாதி முன்பணம் போதும் என்றிருந்தவர், "முழுசா குடுத்தா சாமான் இன்னைக்கே எடுத்துடலாம்" என்றதும் 2,800 வெள்ளியையும் கைப்பேசியிலேயே பேநவ் வழியாக அவர் வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிட்டேன். ரசீது? வாட்ஸ்அப்பில் "சீலிங் வேலைக்குப் பணம் வந்தது" என்று ஒரே வரி.

பலகை அடித்த அன்று நான் வேலையில் இருந்தேன். மூன்று வாரமாகியும் சூடு குறையவில்லை. கேட்டதற்கு, "கான்கிரீட் ஆற ரெண்டு மாசம் ஆகும் சார்." நேற்று கூடத்து விளக்கை மாற்ற வந்த தம்பி துளைக்குள் கைவிட்டுப் பார்த்து, "அண்ணே, உள்ள ஒண்ணுமே இல்லையே" என்றார். அம்மா அறையில் இரண்டு துண்டுக் குமிழ்த்தாள் சுருண்டு கிடக்கிறது. ராக்வூல் ஒரு பிடிகூட இல்லை.

படம் அனுப்பினேன். "வெளியூர்ல இருக்கேன், வந்து பேசறேன்." அப்புறம் நீல டிக் மட்டும். செயலிக்காரர்களோ, பணம் தங்கள் வழியாக வரவில்லை, இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று புகாரையே மூடிவிட்டார்கள். 2,800 வெள்ளி அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை!

விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. பலகை மூடும்போது வீட்டில் ஒருவர் இருங்கள். மூடுமுன் அளவுநாடா வைத்துப் படம் எடுங்கள். பொருளும் தடிமனும் ரசீதில் இருக்கட்டும். முழுப் பணம் வேண்டவே வேண்டாம். ஏமாந்தால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது, 20,000 வெள்ளி வரை கேட்கலாம், இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். நான் இன்றே மனு போடுகிறேன்.

இதே மாதிரி ஈசூன், செம்பவாங் பக்கம் யாருக்காவது நடந்திருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள்.