கோல்ஸ் 4104 லிப் மைக்: வர்ணனைக்குப் புதிதாக வருபவர் வாங்கலாமா?

பழைய கால்பந்து வீடியோக்களில் வர்ணனையாளர் வாயை மறைத்துப் பிடித்திருக்கும் அந்தக் கைப்பிடி மைக்தான் இது. பிபிசி பொறியாளர்கள் 1930களில் தொடங்கிய வடிவமைப்பின் வாரிசு. உள்ளூர்ப் பத்திரிகையில் நிருபராகத் தொடங்கி, வானொலி வழியாக 1971இல் பிபிசி தொலைக்காட்சிக் கால்பந்துக்கு வந்த வர்ணனையாளர் ஜான் மாட்சனை நினைத்தாலே பலருக்கு இந்த மைக்கும் சேர்ந்தே ஞாபகம் வரும்.

மேலே இருக்கும் பட்டையை மேலுதட்டில் ஒட்டி வைத்துப் பேச வேண்டும். அப்போது ரிப்பன் (ஒலியைப் பிடிக்கும் மெல்லிய உலோகத் தகடு) வாயிலிருந்து சுமார் 54 மி.மீ. தள்ளி நிற்கும். அவ்வளவு கிட்டத்தில் பேசினால் குரலின் அடித்தொனி ஊதிப் பெருகும். உள்ளே இருக்கும் வடிகட்டி அதை வெட்டிச் சமன் செய்யும். தூரத்துச் சத்தத்துக்கு அந்தப் பெருக்கம் கிடைப்பதில்லை, வெட்டு மட்டும் விழுகிறது. அதனால்தான் கபடி மைதானத்து டிஜே பாக்ஸின் 'தும் தும்' அடங்கிப்போகிறது. விசில் அப்படி அடங்காது; கீச்சுச் சத்தம் ஓரளவு உள்ளே வரத்தான் செய்யும்.

பட்டை உதட்டை விட்டு இரண்டு விரல் விலகினாலே குரல் தகரம்போல் மெலிந்துவிடும். புதியவர்கள் செய்யும் தவறு, மானிட்டரைப் பார்க்கத் தலையை மட்டும் திருப்புவது. தலையோடு கையும் திரும்ப வேண்டும். பெரிய மீசைக்காரர்களுக்கு முதல் அரைமணி நேரம் எரிச்சல்தான்.

கெயினும், அதாவது மைக்கின் ஒலியை எவ்வளவு பெருக்குகிறோம் என்பதும் கவனிக்க வேண்டியது. மைக்கைக் கணினியோடு இணைக்கும் மலிவான இண்டர்பேஸில் குமிழைக் கடைசிவரை திருப்பினால் 'ஸ்ஸ்' என்று இரைச்சல் கேட்கும். 60 டெசிபல் பெருக்கத்தைச் சுத்தமாகத் தரும் பிரீஆம்ப் (மைக் ஒலிபெருக்கிச் சுற்று) இருந்தால் நிம்மதி. மைக் கேபிள் வழியே அனுப்பும் மின்சாரமான பாண்டம் பவர் இதற்குத் தேவையில்லை, அணைத்தே வையுங்கள். அது ஓடும்போது கேபிள் இணைப்பு தவறாக இருந்தால் ரிப்பன் போய்விடலாம்.

ஒலித்தரத்தை மட்டும் பார்த்தால் நல்ல கண்டென்சர் மைக்கின் பளபளப்பு இதில் இல்லை. ஒரு கையும் மாட்டிக்கொள்ளும்; குறிப்புத்தாளைப் புரட்டுவது, இயக்குநரோடு பேச டாக்பேக் பொத்தானை அழுத்துவது எல்லாம் மறுகையால்தான். சென்ஹைசர் எச்எம்டி 26 போன்ற ஹெட்செட்டில் இரண்டு கையும் சும்மா இருக்கும், இயக்குநரின் குரலும் அதே காதில் வரும். தினமும் ஆறு மணி நேரம் கிரிக்கெட் பேசுபவர் யோசிக்காமல் ஹெட்செட்டுக்குப் போகலாம்.

ஆனால் ஓயாமல் பேசும் வானொலிப் பழக்கத்தோடு தொலைக்காட்சிக்கு வருபவருக்கு லிப் மைக்கில் ஒரு பெரிய லாபம் உண்டு. திரையில் பந்து வலைக்குள் விழுவது எல்லோருக்கும் தெரிகிறது. அங்கே வாயை மூடத் தெரிய வேண்டும். கையை இறக்கினாலே குரல் அறுந்துவிடும். மூச்சு, இருமல் எதுவும் பெரிதாகப் போகாது. ஹெட்செட்டில் இதற்கு மைக்கைச் சற்று நேரம் அடைக்கும் 'காஃப்' பொத்தானைத் தேடி அழுத்த வேண்டும். நாலு நிமிட டெமோ (மாதிரி வர்ணனை) தயாரிப்பவர் ஒரு மேட்சை மியூட்டில் ஓடவிட்டு, கோல் விழுந்ததும் பத்து வினாடி கையை இறக்கிப் பழகிப் பார்க்கலாம்.

இரண்டு பேர் ஒரே மைக்கைக் கைமாற்றும் பழைய வழக்கம் வேண்டாம், ஆளுக்கொன்று வையுங்கள். வாய்ப்பட்டையை ஸ்பிரிட் துடைப்பானால் துடைத்து, உலர்ந்ததும் பையில் வையுங்கள். உள்ளே காந்தம் இருப்பதால் இரும்புத்தூள் ஒட்டும். பட்டறை மேசையில் திறந்து போடக் கூடாது.

பழையது வாங்குபவர் உதட்டில் வைத்துப் பேசிவிட்டு, ஓரடி தள்ளியும் பேசிப் பாருங்கள். தள்ளியபோது குரல் சட்டென்று விழ வேண்டும். கிட்டத்தில் பேசும்போது கரகரத்தால் ரிப்பன் தளர்ந்திருக்கலாம். அதை மாற்றும் கூலியைக் கழித்தே விலை பேசுங்கள்.