குன்னூர் ஜாம் ரூம்: சபாத்துக்குச் சரி, மெட்டாலிகாவுக்குச் சிரமம்

பெட்ஃபோர்டுக்கு மேலே, பழைய பங்களா ஒன்றின் பின்கட்டில் இருக்கிறது இந்த ஜாம் ரூம், அதாவது பேண்டுகள் வாடகைக்கு எடுத்து வாசித்துப் பழகும் அறை. மணிக்கு 400 ரூபாய், குறைந்தது 2 மணி நேரம் எடுக்க வேண்டும். சுமார் 15-க்கு 12 அடி அறை, மரத்தரை, தகரக் கூரைக்கு அடியில் பிளைவுட் சீலிங். ஹெவி மெட்டல் கவர் (வேறு பேண்டின் பாட்டு) வாசிக்க இங்கே புக் பண்ணலாமா என்பது எந்த பேண்டின் பாட்டு என்பதைப் பொறுத்தது. பிளாக் சபாத் என்றால் தாராளமாகப் போகலாம். மெட்டாலிகாவின் வேகப் பாட்டுகள் என்றால் கோயம்புத்தூருக்கு இறங்கிவிடுவது மேல்.

காரணம் அறைதான். சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கிறார்கள். அது சிம்பலின் கூர்மையைக் கொஞ்சம் மழுக்கும், அவ்வளவுதான். பேஸை, அதாவது கீழ்ச்சத்தத்தை, ஒன்றும் செய்யாது. கீழ் ஸ்வரங்கள் மூலைகளில் தேங்கி, அடித்து முடித்த பிறகும் முழங்கிக்கொண்டே இருக்கின்றன. மெட்டாலிகாவின் 1986 பாட்டான ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ நிமிடத்துக்கு 210 பீட்டுக்கு மேல் ஓடும். பிக்கைக் கீழ்நோக்கி மட்டுமே அடித்து, உள்ளங்கை ஓரத்தால் தந்தியை அமுக்கி, ஒவ்வொரு அடியையும் தனியாக வெட்ட வேண்டும். இங்கே ஒன்று அடங்குவதற்குள் அடுத்தது வந்து விழுந்து எல்லாம் கூழாகிவிடுகிறது. ஆம்பை (கிடார் ஒலிபெருக்கியை) மூலையிலிருந்து இழுத்து நாற்காலி மேல் ஏற்றுங்கள், பேஸை 3-க்குக் கீழே கொண்டுவாருங்கள், கெயினை (கிடார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் குமிழை) வீட்டில் வைப்பதில் முக்கால்வாசி வையுங்கள்; பாதியாவது தெளியும். மிட்டை (நடுத்தர ஸ்வரங்களின் குமிழை) அடியோடு குறைக்கும் பழக்கத்தையும் விடுங்கள். தனியாக வாசிக்கும்போது அது கம்பீரமாகத்தான் இருக்கும். டிரம்ஸ் சேர்ந்ததும் கிடார் காணாமல் போகும்.

அதே முழக்கம் சபாத்துக்கு வரமாக அமைகிறது. சபாத்தின் கிடார் கலைஞர் டோனி அயோமி தொழிற்சாலை விபத்தில் வலது கையின் நடு இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். இடக்கைக்காரர் என்பதால் தந்தியை அமுக்குவதே அந்தக் கைதான். மெல்லிய தந்திகளுக்கு மாறினார். 1971-இன் ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ ஆல்பத்தில் பல பாட்டுகளுக்கு டியூனிங்கை அரை ஸ்வரம் அரை ஸ்வரமாக மூன்று படி இறக்கினார். அந்த ஆல்பத்தின் ‘இன்டு தி வாய்ட்’ போன்ற மெதுவான ரிஃப்புக்கு (திரும்பத் திரும்ப வரும் கிடார் துண்டுக்கு) ஒவ்வொரு ஸ்வரமும் தொங்கி நிற்க வேண்டும், இந்த அறை அதைக் கேட்காமலே கொடுத்துவிடுகிறது. அயோமி மாதிரி மெல்லிய தந்தியில் இவ்வளவு இறக்கினால் பழக்கமில்லாத கைக்குத் தந்தி தளர்ந்து ஃப்ரெட்டில் உரசும், கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே சுருதி ஏறும். 11 செட், அதாவது கொஞ்சம் தடித்த தந்திகள், போட்டுக்கொண்டு போவது நல்லது.

டயமண்ட் ஹெட் என்ற பேண்டின் 1980 பாட்டான ‘ஆம் ஐ ஈவில்?’ நடுவாந்தரம். மெட்டாலிகா 1984-இல் ‘கிரீப்பிங் டெத்’ சிங்கிளின் மறுபக்கத்தில் போட்ட கவரைத்தான் பலரும் எடுக்கிறார்கள். கனமான தொடக்கம் இங்கே அருமையாக விழும், வேகம் பிடித்ததும் பழைய கதை. மெட்டாலிகா எடுக்கிறவர்களுக்கு இன்னொன்று: கச்சேரிகளில் அவர்கள் பல வருடங்களாக அரை ஸ்வரம் இறக்கித்தான் வாசிக்கிறார்கள். ஒருவர் ஆல்பம் கேட்டும் இன்னொருவர் லைவ் வீடியோ பார்த்தும் கற்றுக்கொண்டு வந்தால் முதல் ஸ்வரத்திலேயே இடிக்கும். எதை வைத்து வாசிப்பது என்று முன்பே முடிவு செய்யுங்கள். இங்கே ஓடுவது மீட்டர்.

குளிருக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். கிடாரைப் பையிலிருந்து எடுத்து 20 நிமிடம் சும்மா வைத்துவிட்டு டியூன் செய்யுங்கள். ஐந்து பேர் மூச்சும் டியூப் ஆம்பின் சூடும் சேர்ந்து அறை வெதுவெதுப்பானால் தந்தி விரிந்து சுருதி இறங்கும். இரண்டாவது மணி தொடங்கும்போது மறுபடி டியூன் செய்யாத பேண்டுகளை வெளியே நின்றே கண்டுபிடித்துவிடலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரைச் சத்தம் வேறு. செல்போன் ரெக்கார்டிங் எதற்கும் உதவாது.

டிரம் கிட் பரவாயில்லை, ஸ்னேர் நன்றாகவே இருக்கிறது. ஆனால் சிங்கிள் பெடல்தான். மெட்டாலிகாவின் ‘ஒன்’ பாட்டின் பின்பகுதிக்கு டபுள் பெடல் நீங்களே கொண்டுபோக வேண்டும். கூடவே டிரம்ஸுக்கு அடியில் விரிக்க ஒரு கனத்த விரிப்பும் வேண்டும். வழுவழுப்பான மரத்தரையில் ஒவ்வொரு பாட்டுக்கும் கிக் டிரம் அரை அடி முன்னால் நகர்கிறது. க்ரவுல் (உறுமல் குரலில்) பாடுகிறவர்கள் மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்தாதீர்கள். பொத்தினால் பின்பக்கச் சத்தத்தைத் தவிர்க்கும் அதன் அமைப்பு கெட்டு, சின்ன அறையில் உடனே ஃபீட்பேக் கூவும்.

மாலையில் வோல்டேஜ் இறங்குகிறது. ஸ்டெபிலைசர் டியூப் ஆம்புக்கு மட்டும்தான். கிடாருக்கான டிஜிட்டல் பிராசஸர் பாட்டு நடுவே அணைந்து எழுந்திருக்கும். அதைவிட முக்கியம் எர்த். கிடார் தந்தியைப் பிடித்தபடி உதடு மைக்கில் பட்டதும் சுரீர் என்றால் ஆம்ப் பக்கமோ மிக்சர் பக்கமோ எர்த் சரியில்லை என்று பொருள், உடனே நிறுத்துங்கள். இங்கே அப்படி இருந்தது. சொன்னதும் உரிமையாளர் ஆளைக் கூப்பிட்டுச் சரி செய்துவிட்டார். இருந்தாலும் மைக் தலைக்கு ஒரு ஸ்பாஞ்சு உறை போட்டுக்கொள்வது நல்லது. முடிந்தால் காலை 10 மணி ஸ்லாட்டைக் கேளுங்கள். வோல்டேஜும் நிற்கும், அக்கம்பக்கத்துப் புகாரும் வராது.