‘தனி சர்வர்’ என்று விற்றது கன்டெய்னர்: காரைக்குடி, தேவகோட்டைக் கடைக்காரர்கள் கவனத்துக்கு

காரைக்குடியில் கடையும் தேவகோட்டையில் கிளையும் வைத்திருக்கும் ஒரு பலகார வியாபாரியிடம் ‘முழு தனி சர்வர், ரூட் உங்கள் கையில்’ (ரூட் என்றால் முழு நிர்வாக அதிகாரம்) என்று சொல்லி, சர்வர் விற்பவர்கள் ஒரு வருடப் பணத்தை முன்கூட்டியே வாங்கியிருக்கிறார்கள். அவர் கேட்டது இரண்டே விஷயம். பில்லிங்கும் வெப்சைட்டும் தனித்தனி நெட்வொர்க்கில் ஓட வேண்டும். கிளைக்கு வயர்கார்டு விபிஎன், அதாவது இணையத்தின் வழியே போகும் பூட்டிய தனிப் பாதை, வேண்டும். கொடுத்த சர்வரில் இரண்டுமே நடக்காது.

கொடுத்தது ஓபன்விஇசட் கன்டெய்னர், அதாவது ஒரே சர்வரைப் பலருக்குத் தடுத்துப் பிரித்ததில் ஒரு பங்கு. நம் பக்கத்து வளவு வீடுகளில் கல்யாணமான மகனை வேறு வைப்பது போலத்தான் அது: அறை தனி, அடுப்பு தனி, கூரை பொது. இயங்குதளத்தின் மையமான கெர்னல்தான் அந்தக் கூரை. அறையைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் பத்திரம் எழுதியிருக்கிறார்கள்.

கெர்னலின் பதிப்பைக் காட்டும் ‘யூநேம் -ஆர்’ அடித்தால் 2.6.32 என்று வந்தது. வயர்கார்டு கெர்னலுக்குள் சேர்ந்ததே 5.6-இல், 2020 மார்ச்சில். பழைய கெர்னல்களுக்கான தனி மாட்யூலுக்கும் (கெர்னலில் பிறகு ஏற்றும் துணுக்கு) குறைந்தது 3.10 வேண்டும். கன்டெய்னருக்குள் இருந்துகொண்டு மாட்யூல் ஏற்றவும் வழியில்லை. மற்ற விபிஎன் மென்பொருள்கள் பயன்படுத்தும் டன் டிவைஸையாவது திறந்துவிடுங்கள் என்று கேட்டதற்கு, விற்றவர்களிடமிருந்து ‘உங்கள் ஆளுக்கு லினக்ஸ் தெரியவில்லை’ என்று பதில் வந்தது. கூடவே ‘இன்ஸ்டலேஷன் சார்ஜ்’ என்று தனி பில்.

பில்லிங்கையும் வெப்சைட்டையும் பிரிக்க உதவும் நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் (ஒரே சர்வருக்குள் தனி நெட்வொர்க்) 2008-இல், 2.6.24 கெர்னலிலேயே வரத் தொடங்கிவிட்டது. ஆனால் புதிதாக ஒன்றை உருவாக்க சிஸ்-அட்மின் என்ற கெர்னல் அதிகாரம் வேண்டும். இங்கே கன்டெய்னரின் ரூட்டுக்கு ஹோஸ்ட் (கன்டெய்னர்களைத் தாங்கும் மூல சர்வர்) அதைக் கொடுக்கவில்லை. ‘ஐபி நெட்என்எஸ் ஆட்’ அடித்தால் அனுமதி இல்லை என்று திரும்பிவிடும். போதாக்குறைக்கு நெட்வொர்க் இணைப்பும் ஓபன்விஇசட்டின் வீநெட் இன்டர்ஃபேஸ்: மேக் முகவரி (கார்டின் அடையாள எண்) கிடையாது, ஐபியை வைத்து அந்த எண்ணைத் தேடும் ஏஆர்பி கிடையாது, இன்டர்ஃபேஸ்களை ஒன்றாக இணைக்கும் பிரிட்ஜில் சேர்க்கவும் முடியாது.

ஃபயர்வாலிலும் பூட்டு உண்டு. லினக்ஸின் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸில் விதிகளின் எண்ணிக்கைக்கு ஹோஸ்ட் வரம்பு வைக்கலாம். ப்ராக் அடைவில் ‘யூசர் பீன்கவுன்டர்ஸ்’ கோப்பைத் திறந்து ‘நம்ஐபிடென்ட்’ வரியில் கடைசியாக உள்ள எண்ணை (தோற்ற முயற்சிகளின் கணக்கு) பாருங்கள். அந்த எண் ஏறிக்கொண்டே போனால் உங்கள் விதிகள் பதிவாகவில்லை என்று அர்த்தம்.

பணம் கட்டும் முன் ஒரு நாள் லாகின் கேளுங்கள். அந்தக் கோப்பு இருந்தாலோ, ‘ஐபி ஏ’ அடித்ததும் வீநெட் தெரிந்தாலோ வாங்க வேண்டாம். ‘சிஸ்டம்டி-டிடெக்ட்-விர்ட்’ அடித்தால் கேவிஎம் (சொந்த கெர்னலோடு ஓடும் மெய்நிகர் சர்வர்) என்று வர வேண்டும். பில்லிலும் அதையே எழுதி வாங்குங்கள். கன்டெய்னர் மட்டமான பொருள் இல்லை. சொந்த ஹோஸ்டில் எல்எக்ஸ்சி என்ற கன்டெய்னர் வகை அருமையாக ஓடும். அதன் பெயரை மறைத்து விற்பதுதான் தப்பு.

கேவிஎம் கிடைத்த பிறகு நேம்ஸ்பேஸ் போடுகிறவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடங்களையும் சொல்லிவிடுகிறோம். புது நேம்ஸ்பேஸில் லூப்பேக் (சர்வர் தன்னோடு தானே பேசும் இன்டர்ஃபேஸ்) அணைந்தே இருக்கும். அதை ‘அப்’ செய்யாவிட்டால் உள்ளே இருக்கும் பில்லிங் டேட்டாபேஸ் 127.0.0.1-இல் பதில் சொல்லாது. நேம்ஸ்பேஸை வெளியோடு இணைப்பது வீத் ஜோடி (மெய்நிகர் கேபிள்): ஒரு முனை உள்ளே, மறுமுனை வெளியே. வெளியில் ஐபி ஃபார்வர்டிங்கும் (பாக்கெட்டைக் கடத்திவிடுவது) மாஸ்கரேடும் (அதை வெளி முகவரியில் அனுப்புவது) வேண்டும். இவ்வளவு செய்தும் பிங் போகும், வெப்சைட் பெயர் மட்டும் ஐபியாக மாறாது. உபுண்டுவில் அந்த வேலையைச் செய்யும் டிஎன்எஸ் 127.0.0.53-ஐக் காட்டுகிறது, அது வெளி லூப்பேக்கில் இருப்பது. எட்சி அடைவில் ‘நெட்என்எஸ்’ என்ற அடைவும், அதற்குள் நேம்ஸ்பேஸ் பெயரில் இன்னொன்றும் உண்டாக்கி, தனி ‘ரிசால்வ்.கான்ஃப்’ வையுங்கள். ரீபூட் ஆனால் நேம்ஸ்பேஸ் மறைந்துவிடும். அதை மறுபடி உருவாக்கும் சிஸ்டம்டி யூனிட்டை அன்றைக்கே எழுதிவிடுங்கள்.