சக்‌ஷன் டூத் பிரஷ்: குழாய் வழியே உணவு பெறுவோருக்கான பல் துலக்கி

வயிற்றில் உணவூட்டும் குழாய் பொருத்திய பிறகு, வாயால் சாப்பிடாதவருக்குப் பல் துலக்குவது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மெல்லும் வேலை நின்றதும் உமிழ்நீர் குறைந்து, நாக்கிலும் மேலண்ணத்திலும் பிசுபிசுப்பான படலம் காய்ந்து ஒட்டிக்கொள்கிறது. அதில் பெருகும் கிருமிகள் எச்சிலோடு மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நிமோனியா வரக்கூடும். என் தந்தைக்காக நாங்கள் வாங்கிய சக்‌ஷன் டூத் பிரஷ், கொப்பளித்துத் துப்ப முடியாத இத்தகையவர்களுக்கென்றே செய்யப்பட்டது.

இதன் பின்முனையைச் சளி உறிஞ்சும் இயந்திரத்தின் குழாயில் செருகி, கைப்பிடியிலுள்ள துளையைக் கட்டைவிரலால் மூடினால், முட்களுக்கு நடுவேயுள்ள சிறு துளைகள் வழியாக எச்சிலும் நுரையும் உடனுக்குடன் வெளியேறுகின்றன. முன்பு ஒருவர் துலக்க, மற்றவர் உறிஞ்ச வேண்டியிருந்த வேலையை இப்போது ஒருவரே முடிக்கிறார். வாயைத் துடைக்கப் பயன்படும், நுனியில் ஸ்பாஞ்சு பொருத்திய குச்சியோ வாயை ஈரப்படுத்துமே தவிர, பல்லில் படிந்ததைச் சுரண்டி எடுக்காது; கடிக்கும் பழக்கமுள்ளவர் வாயில் அதன் நுனி கழன்றுவிடும் அபாயமும் இருக்கிறது.

குறைகளும் உண்டு. தலைப்பகுதி பருமனாக இருப்பதால் கடைவாய்ப் பற்களின் உட்புறத்தை எட்டுவது கடினம். பற்பசை சற்றுக் கூடினாலும் துளைகள் அடைத்துக்கொள்கின்றன. நுரை அதிகம் வராத பசையை அரிசியளவு மட்டும் தடவி, முடித்ததும் ஒரு டம்ளர் தண்ணீரை உறிஞ்சவிட்டால் அடைப்பு நீங்குகிறது.

உடன் வரும் கையேட்டின் மீதுதான் எனக்கு உண்மையான மனத்தாங்கல். தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி வரை உயர்த்த வேண்டும் என்பதோ, வயிறு நிறைந்திருக்கும்போது குமட்டினால் வாந்தி வரும் என்பதால் உணவு கொடுப்பதற்கு முன்பே துலக்குவது நல்லது என்பதோ அதில் இல்லை. வாயைத் தொட்ட கையுறையோடு வயிற்றுத் துளைப் பக்கம் போகக்கூடாது என்ற எச்சரிக்கையும் இல்லை. கையைக் கழுவிய பிறகே அந்த இடத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, ஈரம் தங்காமல் உலர்த்த வேண்டும். சிவப்போ சீழோ தெரிந்தாலும், வலி கூடினாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உறிஞ்சும் இயந்திரம் ஏற்கெனவே இருக்கும் வீட்டினர் தயங்காமல் வாங்கலாம். இல்லாதவர்களுக்கு, மென்மையான முட்களுள்ள குழந்தைகள் பிரஷை லேசாக நனைத்துத் துலக்கி, ஈரத்தை காஸ் துணியால் ஒற்றியெடுப்பதே போதுமானது.